கிறிஸ்தியான் டாப்ளர் சரித்திரச் சுருக்கம்

நெய்வேலி நகரியத்தில் வாழும் நம் அன்பர்களுள் பலர், தமக்கேனும் தம் பெற்றோருக்கேனும் இருதயப் பரிசோதனை செய்வித்த காலத்து, வைத்தியர் அளித்த எக்கோ அறிக்கையில் டாப்ளர் என்னும் சொல்லைக் கண்டிருப்பர். எக்கோ என்பது எதிரொலி என்பதைப் பலரும் அறிவர். டாப்ளர் என்பதை ஒரு யந்திரத்தின் பெயரென்றும், ஒரு கம்பெனியின் பெயரென்றும் எண்ணுவோர் உளர். அது ஒரு மனிதரின் பெயர். அவர் வைத்தியர் அல்லர். இருதயத்தைப் பற்றி ஒரு வரியேனும் எழுதிப் புகழ் பெற்றவரும் அல்லர். கணிதமும் பௌதிகமும் கற்பித்துக் குடும்பம் நடத்திய ஓர் ஆசிரியர். தம் வாழ்நாளில் ஒரு பகுதியை நம் ஊரைப் போன்றதொரு சுரங்க நகரத்தில் கழித்தவர். அவரது சரித்திரத்தை நம் கலாசாலைச் சஞ்சிகையில் சுருக்கமாக வரைதல், மாணாக்கர்க்கும், அறிக்கையைக் கையில் ஏந்திப் பொருள் விளங்காது நிற்கும் முதியோர்க்கும் ஒருங்கே பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

கிறிஸ்தியான் டாப்ளர் 1803-ம் வருஷம் நவம்பர் மாதம் 29-ந் தேதி, இன்று ஆஸ்திரியா தேசத்தைச் சேர்ந்த ஸால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சங்கீத மேதையாகிய மோஸார்ட்டின் குடும்பத்தார் வாழ்ந்த இல்லம் இருக்கும் அதே சதுக்கத்தில்தான் டாப்ளரின் இல்லமும் இருந்தது. அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கற்றச்சர்; கல்லை உடைத்தும் செதுக்கியும் செல்வம் ஈட்டியவர். ஆயின், கிறிஸ்தியானோ பிறவியிலேயே மெலிந்த உடலினர். உளியும் சுத்தியும் பிடிக்கும் வலிமை அவர் கைகளுக்கு வாய்க்கவில்லை. குலத்தொழிலுக்கு உதவாத இம்மகனை என் செய்வதென்று தந்தை கவலையுற்றிருந்தபோது, ஸிமோன் ஸ்டாம்ப்பர் என்னும் கணித ஆசிரியர் அவ்விளைஞரின் அறிவுக் கூர்மையை அறிந்து, வியன்னா நகரத்துத் தொழிற்கலாசாலைக்கு அனுப்புமாறு வழிகாட்டினார். அவ்வாறே டாப்ளர் 1822 முதல் 1825 வரை வியன்னாவில் கற்றுத் தேர்ந்தார். ஒரு நல்லாசிரியர் தக்க தருணத்தில் கூறிய ஒரு யோசனை ஒரு வாழ்வின் போக்கையே திருப்பிவிட்டது.

கல்வி முடிந்தது, வேலை கிட்டவில்லை. 1829 தொடங்கி நான்கு ஆண்டுகள் அதே கலாசாலையில் உதவியாளராய் இருந்தார். அப்பதவி முடிந்தபின், ஊர் ஊராக விண்ணப்பம் அனுப்பியும் பயனின்றி, பஞ்சு நூற்கும் ஆலை ஒன்றில் கணக்கெழுதி வயிறு வளர்த்தார். 1835-ல் மனம் நொந்து, தாய்நாட்டைத் துறந்து அமெரிக்கா செல்வதென்றே தீர்மானித்தார், கைப்பொருள்களை விற்றார், மியூனிக் நகரத்து அமெரிக்க ஸ்தானிகரையும் சென்று கண்டார். அத்தருணத்தில் பிராக் நகரத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து வேலை அளிப்பதாகக் கடிதம் வந்தது. கப்பல் ஏறவிருந்தவர் கரையில் நின்றார். மறு ஆண்டில், ஸால்ஸ்பர்க் பொற்கொல்லர் ஒருவரின் மகளாகிய மதில்டேயை மணந்தார். ஐந்து மக்களுக்குத் தந்தையானார். 1841-ல் பிராக் தொழிற்கலாசாலையில் பேராசிரியர் பதவி எய்தினார். நூற்றுக்கணக்கான மாணாக்கரைப் பரீட்சிக்கும் பெரும் பாரம் அவர்மேல் விழுந்தது. முன்னமே மெலிந்த உடல் மேலும் நலிந்தது. ஆயினும் இவ்விடர்களுக்கிடையிலேதான் அவர் பெயரை என்றும் நிலைநிறுத்திய எண்ணம் தோன்றிற்று.

1842-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, பிராக் நகரத்து விஞ்ஞான சபையில் அவர் ஒரு வியாசம் வாசித்தார். செவிமடுத்தோர் ஒரு சிலரே. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நட்சத்திரங்களின் வர்ணங்களைப் பற்றியது அவ்வியாசம். அதன் உட்பொருள் யாதெனில், ஒலியையேனும் ஒளியையேனும் எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வருங்கால் அதன் அலைகள் நெருங்கி வந்து சேரும்; நம்மை விட்டு அகலுங்கால் அவை இடைவெளி விட்டு வந்து சேரும் என்பதாம்.

இதனை விளங்கிக்கொள்ளக் கடலூர்க் கடற்கரைக்குச் சென்றால் போதும். கட்டுமரம் ஒன்று கடலை நோக்கிச் செல்லும்போது, ஒரு நிமிஷத்தில் அது சந்திக்கும் அலைகள் பல. கரையை நோக்கித் திரும்பி வரும்போது, அலைகளோடு ஒத்து வருதலின், அது சந்திக்கும் அலைகள் சில. கடலின் அலைகள் மாறவில்லை. கட்டுமரத்தின் செலவே வேற்றுமைக்குக் காரணம். ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் நிற்போர் இதனைக் காதாலும் அறியலாம். நில்லாது விரைந்து செல்லும் வண்டியின் ஊதல், அணுகும்போது உச்சமாயும், நம்மைக் கடந்தவுடன் தாழ்ந்தும் ஒலிக்கும். எவ்வளவு மாறிற்று என்பதை அளந்தால் வண்டியின் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. டாப்ளர் கண்ட விதி சரியானது. அதனை அவர் பிரயோகித்த இடம் தவறானது. நட்சத்திரங்கள் யாவும் இயல்பில் வெண்ணிறமானவை என்றும், சில சிவந்தும் சில நீலமாயும் தோன்றுதல் அவற்றின் ஓட்டத்தாலே என்றும் அவர் எண்ணினார். நட்சத்திரத்தின் நிறம் பெரும்பாலும் அதன் வெப்பத்தைப் பொறுத்தது என்பதை இன்று நாம் அறிவோம். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட அவற்றின் ஓட்டம் மிகச் சிறிது. கண்ணுக்குப் புலப்படும் நிறமாற்றத்தை அது உண்டாக்காது.

அக்காலத்து விஞ்ஞானிகளும் இதனை ஐயுற்றனர். ஹாலந்து தேசத்துப் பாய்ஸ் பாலட் என்பவர் 1845-ல் விதியைச் சோதிக்க முற்பட்டார். யூட்ரெக்ட் நகருக்கருகில் ரயில் எஞ்சினோடு திறந்த வண்டி ஒன்றைப் பூட்டி, அதில் ஊதுகொம்பு வாசிப்போரை அமர்த்தி, பாதையோரத்தில் ஸ்வரஞானம் மிக்க வித்துவான்களை நிறுத்தி, வண்டி வரும்போதும் போகும்போதும் ஸ்வரம் எவ்வளவு மாறுகிறதெனக் குறிக்கச் செய்தார். பிப்ரவரியில் பனிப்புயலால் தடைப்பட்ட முயற்சி ஜூன் மாதத்தில் நிறைவேறிற்று. ஒலியைப் பொறுத்தவரை டாப்ளர் கூறியது மெய்யென ருசுவாயிற்று. நட்சத்திர வர்ணத்தைப் பற்றிய கருத்தை மட்டும் பாலட் ஏற்கவில்லை.

நிற்க. 1847-ல் டாப்ளர் பிராக் நகரை விட்டு ஷெம்னிட்ஸ் நகரத்துச் சுரங்கக் கலாசாலைக்குப் பேராசிரியராகச் சென்றார். இன்று ஸ்லோவாகியா தேசத்தில் பான்ஸ்கா ஷ்டியாவ்நிட்சா என்னும் பெயரோடு விளங்கும் அந்நகர், பொன்னும் வெள்ளியும் தோண்டிய புராதன ஊர். சுரங்கம் தோண்டுவோர்க்கு நீரே பெரும் பகை என்பதை நெய்வேலி மக்களுக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. நம் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு தேங்கி நிற்கும் நீரை இரவும் பகலும் பம்புகள் இறைத்துக்கொண்டேயிருந்தாலன்றி, இங்கே ஒரு கூடை கரியும் எடுத்தல் அரிது. ஷெம்னிட்ஸிலும் அதே நிலைமை. அவ்வூரில் 1749-லேயே யோசெப் கரோல் ஹெல் என்பவர், நீரின் அழுத்தத்தாலேயே இயங்கிச் சுரங்க நீரை வெளியேற்றும் எஞ்சின் ஒன்றை அமைத்திருந்தார். அத்தகைய ஊரில் டாப்ளர் கணிதமும் பௌதிகமும் யந்திர சாஸ்திரமும் கற்பித்தார். பழைய சுரங்க அளவைக் குறிப்புகளைத் திரட்டி, காந்த ஊசி காட்டும் திசை காலப்போக்கில் எங்ஙனம் மாறிவந்தது என்பதை ஆராயலாமென்றும் எழுதினார். பிறர் பயனற்றவையென ஒதுக்கிய ஏடுகளில் அவர் பயன் கண்டார்.

1848-ல் எழுந்த புரட்சியின் கலவரத்தால் அவ்வூரில் அமைதி குலைந்தது. டாப்ளர் வியன்னாவுக்குத் திரும்பினார். 1850-ல் வியன்னா சர்வகலாசாலையில் நிறுவப்பட்ட பௌதிகக் கழகத்தின் முதல் தலைவரானார். அங்கே அவரிடம் பயின்றோருள் கிரெகோர் மெண்டல் என்னும் துறவியும் ஒருவர். பட்டாணிச் செடிகளை வளர்த்து வம்ச பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டலே அவர்.

இவ்வுயர்வு நீடிக்கவில்லை. நிழற்படக் கண்ணாடி அமைப்பதில் பெரும்புகழ் பெற்ற பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர், 1852-ல் விஞ்ஞான சபையில் டாப்ளரின் விதியை வன்மையாகத் தாக்கினார். சில வரிகளில் அடங்கும் எளிய கணக்கிலிருந்து இயற்கையின் பெரிய உண்மை பிறத்தல் கூடாதென்பது அவர் வாதத்தின் சாரம். சபையில் டாப்ளருக்கு வெற்றி கிட்டவில்லை. அதற்குள் நுரையீரல் நோயும் முற்றிற்று. குளிர் குறைந்த இடத்தில் தங்கினால் குணமாகுமென நம்பி, அவ்வாண்டு நவம்பரில் வெனிஸ் நகருக்குச் சென்றார். குணம் உண்டாகவில்லை. 1853-ம் வருஷம் மார்ச் மாதம் 17-ந் தேதி, 49-வது வயதில், மூச்சுக்குப் போராடி உயிர் நீத்தார். வெனிஸைச் சார்ந்த ஸான் மிக்கேலே தீவின் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அக்கல்லறை இன்னவிடத்தில் உள்ளதென இன்று காட்டுவார் இல்லை.

ஆசிரியர் மறைந்தார், விதி வளர்ந்தது. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்க்கையில் தோன்றும் கருங்கோடுகள் இடம் பெயர்வதை அளந்தால் ஓட்டத்தை அறியலாமென 1848-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பிஸோ காட்டியிருந்தார். 1868-ல் ஆங்கிலேயராகிய ஹக்கின்ஸ் அம்முறையால் ஸிரியஸ் நட்சத்திரத்தின் ஓட்டத்தை அளக்கத் தலைப்பட்டார். வானத்தைப் பற்றிய விதி மனித மார்புக்குள் நுழைய மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1953-ல் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில், வைத்தியராகிய எட்லரும் பௌதிகராகிய ஹெர்ட்ஸும், உலோகத்தில் மறைந்துள்ள விரிசல்களைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டு உயிருள்ள இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். கப்பல் தகட்டின் குறையைக் காட்டிய ஒலி, இருதயச் சுவரின் அசைவையும் காட்டிற்று. அதே பத்தாண்டுகளில் ஜப்பானிய தேசத்து ஒஸாகா நகரில் ஸடோமுரா என்பவர், டாப்ளர் விதியை இருதயத்தின்மேல் பிரயோகித்து முடிவுகளை வெளியிட்டார்.

இப்பரிசோதனை நடக்கும் விதத்தைக் கூறுவோம். மனிதச் செவிக்கெட்டாத ஒலி, ஒரு செகண்டுக்குச் சுமார் 25 லட்சம் அதிர்வுகளோடு, மார்பின்மேல் வைத்த சிறு கருவியிலிருந்து உள்ளே செல்கிறது. ஓடும் இரத்தத்தின் அணுக்களில் பட்டுத் திரும்புகிறது. இரத்தம் செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி ஓடினால், திரும்பும் ஒலியின் அதிர்வுகள் சுமார் 3,200 கூடியிருக்கும். இவ்வேற்றுமை செவிக்கு எட்டுவதாகலின், பரிசோதனை அறையில் உஸ் உஸ் என்னும் ஓசையைக் கேட்கிறோம். திரையில், கருவியை நோக்கி வரும் இரத்தம் சிவப்பாகவும் விலகிச் செல்வது நீலமாகவும் காட்டப்படும். நட்சத்திர சாஸ்திரத்தில் அணுகுவது நீலத்தின் பக்கமும் அகலுவது சிவப்பின் பக்கமும் சாயும். வைத்தியரின் வழக்கு அதற்கு நேர்மாறு.

இருதயம் ஒரு பம்பு என்பது குழந்தையும் அறிந்த செய்தி. ஆனால் பம்பின் வேலை இரண்டு பங்கினது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெளியே தள்ளுதல் ஒன்று. உள்ளே நிரப்பிக்கொள்ளுதல் மற்றொன்று. நிரம்பாத பம்பு எவ்வளவு வேகமாய்ச் சுழன்றும் பயனில்லை. இருதயத்தின் இடக் கீழறை தளர்ந்து விரியும்போது அதில் சுமார் 120 மில்லிலிட்டர் இரத்தம் நிரம்புவதாகக் கொள்வோம். சுருங்கும்போது 70 மில்லிலிட்டர் வெளியேறினால், வெளியேற்ற விகிதம் 58 சதவீதம். இதுவே அறிக்கைகளில் முதலில் எல்லாரும் தேடும் எண். 55 முதல் 70 சதவீதம் வரை இருப்பின் அதனைப் பெரும்பாலும் நலமாகவே கொள்வர்.

இனி, சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. மருந்தை ஒழுங்காக உண்டவரல்லர். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. இரவில் நிமிர்ந்து உட்கார்ந்தாலன்றித் தூக்கமில்லை. அறிக்கையிலோ விகிதம் 60 சதவீதம். வீட்டார் அந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்து, முதுமையால் வந்த சோர்வென்றும், மனப்பிரமையென்றும் கூறிவிடுவர். அவர் சொல்வதோ மெய். இருதயம் தளர்ச்சியுற்றதாக வைத்தியர் கூறும் நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு இவ்விகிதம் குறையாமலே இருக்கிறது. அழுத்தத்தோடு போராடித் தடித்துப்போன தசை, சுருங்க வல்லது, தளர வல்லதன்று. தளர்தலைச் சோம்பலென எண்ணற்க. தசை சுருங்கியபின் பழைய நிலைக்கு மீள்வதற்கும் சக்தி செலவாகிறது. அது தவறினால் கீழறையில் அழுத்தம் ஏறி, இரத்தம் நுரையீரலில் தேங்கி, மூச்சு முட்டும்.

தளர்தலின் குறையை வெளிப்படுத்துவதில்தான் டாப்ளரின் விதி பேருதவி செய்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு இரத்தம் இரண்டு தவணையாகப் பாய்கிறது. கீழறை தளர்ந்தவுடன் தானே பாய்வது முதல் அலை. மேலறை சுருங்கித் தள்ளுவது இரண்டாம் அலை. இளைஞரிடத்தில் முதல் அலையே உயர்ந்தது. தளரும் சக்தி குறையக் குறைய முதல் அலை தாழ்ந்து இரண்டாவது ஓங்கும்; வயது முதிர்தலாலும் இவ்வாறாவதுண்டு. நோய் மேலும் முற்றினால், மேலறையில் ஏறிய அழுத்தம் இரத்தத்தைப் பலவந்தமாகத் தள்ளுதலின், முதல் அலை மீண்டும் உயர்ந்து சுகதேகியின் படம்போல் தோன்றும். இது பொய்யான நலம். இப்பொய்யைக் கண்டறிய, இரத்தத்தின் வேகத்தோடு நில்லாது, வால்வைத் தாங்கும் தசை வளையத்தின் வேகத்தையும் அதே விதியால் அளப்பர். முதல் அலை செகண்டுக்கு 90 சென்டிமீட்டரும், தசை வளையம் 6 சென்டிமீட்டரும் எனில், ஒன்றை மற்றொன்றால் வகுக்க 15 வரும். 14-ஐ மிஞ்சிய எண் உள்ளழுத்தம் உயர்ந்திருத்தலைக் குறிக்கும் அடையாளங்களுள் ஒன்று. இரத்தத்தின் ஓட்டம் மறைத்த உண்மையைத் தசையின் மெல்லிய அசைவு வெளிப்படுத்திவிடுகிறது.

மற்றொரு பயனும் உண்டு. இளமையில் மூட்டுகளைத் தாக்கும் ஒருவகைக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கிப்போதல் நம் நாட்டில் ஏழைகளைப் பெரிதும் வருத்திவந்த துன்பம். முற்காலத்தில் வால்வின் இருபுறத்து அழுத்த வேற்றுமையை அறிய இரத்தக் குழாய் வழியே நீண்ட குழல் ஒன்றை இருதயம் வரை செலுத்த வேண்டியிருந்தது. 1970-களில் நார்வே தேசத்து ட்ரோண்ட்ஹைம் நகரில், லிவ் ஹாட்லே என்னும் வைத்திய அம்மையார், பொறியியலராகிய ஆங்கெல்ஸனோடு சேர்ந்து, உடலைத் துளையாது வேகத்தைக் கொண்டே அழுத்தத்தைக் கணிக்கும் முறையைப் பரவச் செய்தார். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 4-ஆல் பெருக்கினால் போதும். செகண்டுக்கு 2 மீட்டர் எனில், அழுத்த வேற்றுமை 16 மில்லிமீட்டர் பாதரச அளவு. சிறு கணக்கிலிருந்து பெரிய உண்மை பிறவாதென்ற பெட்ஸ்வாலின் வாதத்துக்கு இச்சிறு கணக்கே விடையாயிற்று.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. அணுகுவதையும் அகலுவதையும் மட்டுமே அது உணரும். கருவிக்குக் குறுக்கே ஓடும் இரத்தத்தின் வேகத்தை அது உணராது. ஆதலின் கருவியைச் சாய்த்துப் பிடிக்கும் கையின் பயிற்சி இன்றியமையாதது. தேர்ந்த வைத்தியர் ஓர் எண்ணைக் கொண்டு முடிவு கூறார். வயதையும், மேலறையின் பருமனையும், நோயாளி சொல்லும் வார்த்தையையும் சேர்த்தே நிச்சயிப்பர். மூச்சு முட்டுகிறதெனப் பெரியோர் கூறுங்கால், விகிதம் நன்றாயிருக்கிறதென்று வாயடைக்காது, தளர்தலைப் பற்றி அறிக்கை என் கூறுகிறதென வைத்தியரைக் கேட்டறிதல் நம் கடமையாம்.

மாணாக்கர்காள்! டாப்ளரின் வாழ்வில் நமக்குப் படிப்பினைகள் பல. குலத்தொழிலுக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட உடலோடு அவர் உலகுக்கு உதவினார். ஒரு சிலர் கேட்ட வியாசம், அதிலும் பாதி பிழைபட்ட வியாசம், இன்று உலகெங்கும் ஒவ்வொரு நாளும் பிரயோகிக்கப்படுகிறது. அவருடைய பிழையைத் திருத்தியவர்களும், விதியைச் சோதித்தவர்களும், அவர் கனவிலும் கருதாத இடத்தில் அதனைப் பயன்படுத்தியவர்களும் சேர்ந்தே அதனை முழுமையாக்கினர். மூச்சின்றி மாண்ட ஒருவரின் எண்ணம், மூச்சு முட்டுவோரின் துன்பத்துக்குக் காரணம் காட்டுகிறது. அவருடைய கல்லறை எவ்விடமென்று தெரியாவிடினும், அடுத்த முறை அறிக்கையில் அப்பெயரைக் காணும்போது, சுரங்க நகரத்தில் கரும்பலகையின் முன் நின்ற அம்மெலிந்த ஆசிரியரை ஒரு கணம் நினைத்தல் நாம் அவருக்குச் செய்யும் நன்றியாகும்.